முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் ஐந்து நிமிடம்

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருஷமாக ஒரே டிப்போ, ஒரே ரூட், பதினேழாம் நம்பர். பஸ் ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஆனால் இவரைப் போல ஒரு ஊருக்கு ஒருத்தர் போதும், ரெண்டு பேர் இருந்தால் ஊர் தாங்காது. டிப்போவில் இவருக்கு 'நிமிஷமுள்' என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் கூப்பிடுவதில்லை, காதுபடச் சொல்வதோடு சரி. இவரும் கேட்காத மாதிரி நடப்பார். உள்ளுக்குள் அந்தப் பெயர் இவருக்குப் பிடிக்கும் என்பது எனக்கு மட்டும் தெரியும்.

கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டுவார், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமலே மணி பார்க்க. வேலைக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே டிப்போவுக்குப் போய், ஸ்டியரிங், பக்கக் கண்ணாடி, கதவுக் கைப்பிடி என்று அந்த வரிசையிலேயே துடைப்பார். வரிசை மாறினால் திரும்ப முதலிலிருந்து துடைப்பார். காலை ஐந்து இருபதுக்கு எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவைச் சாத்துவார். அந்தச் சத்தம் கேட்டுத்தான் மாடிவீட்டுக்காரர் எழுந்துகொள்வார். அந்த மனிதர் அலாரம் வைத்து எத்தனையோ வருஷம் ஆகிறது.

இவருக்கு ஒரு கொள்கை உண்டு. பஸ் தாமதமாக வரலாம், முன்னதாக மட்டும் வரவே கூடாது. கேட்டால் விளக்கம் சொல்வார்.

"லேட்டா வந்தா ஜனங்க திட்டுவாங்க, திட்டிக்கிட்டே ஏறிடுவாங்க. சீக்கிரம் வந்துட்டுக் கிளம்பிட்டா, சரியான நேரத்துக்கு வந்தவன் ஏமாந்து நிப்பான். தப்பே பண்ணாதவனுக்குத் தண்டனை குடுக்கிற மாதிரி அது."

அதனால் எந்த நிறுத்தத்துக்காவது முன்னதாக வந்துவிட்டால், நேரம் ஆகும்வரை வண்டியை அங்கேயே நிறுத்தி வைப்பார். உள்ளே இருக்கிறவர்கள் காட்டுக் கத்தல் கத்தினாலும் அசைய மாட்டார். நேரம் ஆகிவிட்டாலோ, ஓடி வருகிறவர் கடவுளே ஆனாலும் நிற்க மாட்டார்.

நான் முதன்முதலில் பார்த்தது இவரை என்று சொல்ல முடியாது, இவர் பஸ்ஸின் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். ஒரே வாரத்தில் மூன்று தடவை என் கண் முன்னாலேயே கிளம்பிப் போனார். கோபத்தில் டிப்போவுக்கு எழுதிப் போட்டேன். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இவர் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் குறித்த டிரிப் ஷீட்டை மேஜைமேல் விரித்து வைத்து, நான் மூன்று நாளும் அரை நிமிஷம் தாமதம் என்று நிரூபித்தார். அது எப்படிக் கல்யாணம் வரை போனது என்று கேட்காதீர்கள். எனக்கே இன்னும் பிடிபடவில்லை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருக்கிறேன். தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத கூடம். ஒரு ஷிப்டுக்கு நானூறு படுக்கை விரிப்பு. வெந்நீரில் வெளுத்து, உலர்த்தி, சுடச்சுடத் தேய்க்கிற உருளையில் விட்டு எடுத்து, நாலாக மடித்து, இருபது இருபதாகக் கட்டி மாடிக்கு அனுப்புவோம். மறுநாள் காலை அதே நானூறும் அழுக்காகத் திரும்பி வரும். பத்தொன்பது வருஷமாக இதுதான். எவ்வளவு செய்தாலும் முடிந்தது என்று ஒன்றைக் கை காட்ட முடியாது.

நாள் முழுக்க நின்று நின்று கால் வீங்குகிறது என்று மேலே இருக்கிற டாக்டரிடம் காட்டியபோது, நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை கொஞ்ச நாளில் ஓட்டமாகிவிட்டது. எங்கள் ஊரில் வருஷம் ஒரு தரம் பெரிய ஓட்டம் நடக்கும், நாற்பத்திரண்டு கிலோமீட்டர். அதை ஒரே ஒரு தடவை ஓடி முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. ஒரு தடவை முடித்துவிட்டால் அது முடிந்ததுதான். அது அழுக்காகித் திரும்பி வராது. எனக்கு அப்படி ஒன்று வேண்டியிருந்தது.

அந்த ஓட்டத்துக்கு ஆறரை மணி நேரம் கெடு. காலை ஆறு மணிக்குத் தொடக்கம், பன்னிரண்டரைக்கு எல்லைக்கோட்டை மூடிவிடுவார்கள். கடைசியாக ஓடுகிறவர்களுக்குப் பின்னால் ஒரு பஸ் மெதுவாக வரும். எந்த இடத்தை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும் என்று அதற்கு ஒரு அட்டவணை உண்டு. அந்த பஸ் உங்களைப் பிடித்துவிட்டால் உங்கள் ஓட்டம் அவ்வளவுதான், ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். ஓடுகிறவர்கள் அதற்குத் 'துடைப்பம்' என்று பேர் வைத்திருந்தார்கள். பஸ்ஸையும் டிரைவரையும் டிப்போதான் அனுப்பும்.

போன வருஷம் நான் முதல்முறையாக ஓடியபோது, துடைப்பத்தை ஓட்டும் முறை இவருக்கு வந்தது.

வீட்டில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். முப்பத்தைந்தாவது கிலோமீட்டரில் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. பதினொன்று இருபத்து நாலுக்கு எனக்குப் பக்கத்தில் பஸ் வந்து நின்று கதவு திறந்தது. உள்ளே இவர், சீருடையில்.

"ஏறு," என்றார்.

"இன்னும் ஏழு கிலோமீட்டர்தானேங்க. நான் பாட்டுக்கு ஓரமா ஓடி வந்துர்றேன்."

"ரோட்டைத் திறந்து விட்டுடுவாங்க. வண்டிங்க வரும். ஏறு."

"ஒரே ஒரு நிமிஷம் மெதுவா வாங்களேன். நான் முன்னாடி போயிடுவேன்."

இவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஏறினேன். கடைசி இருக்கைக்குப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு பத்தொன்பது நாள் இவருடன் பேசவில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகளிடம், "உங்கப்பாகிட்ட சொல்லு" என்பேன். அப்பா ஒரு எட்டு தூரத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்.

அவர் செய்தது சரி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. அதுதான் கோபத்தை இன்னும் கூட்டியது.

இருபதாவது நாள் காலையில் மேஜைமேல் ஒரு தாள் இருந்தது. ஊதா மையில், டிரிப் ஷீட் மாதிரியே கட்டம் போட்டு, ஒன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நேரம் எழுதியிருந்தார். துடைப்பத்தின் அட்டவணைதான் அவருக்கு மனப்பாடம் ஆயிற்றே, அதைவிடக் கொஞ்சம் முந்திப் போகிற மாதிரி எனக்கு ஒன்று போட்டிருந்தார். அதன்படி முப்பத்தெட்டைத் தாண்டும்போது நான் பஸ்ஸைவிட ஐந்து நிமிஷம் முன்னால் இருப்பேன். மேஜைக்குக் கீழே ஒரு புது ஜோடி ஷூ இருந்தது. என் அளவு இல்லை, அவர் அளவு.

"அடுத்த தடவை நான் கூட வர்றேன்," என்றார். "நீ ஓடு. நேரத்தை நான் பாத்துக்கிறேன்."

ஐம்பத்து நாலு வயசு. இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, கொஞ்சம் தொப்பை, வலது முழங்காலில் வலி. முதல் நாள் முந்நூறு அடி ஓடிவிட்டு நாக்கு தள்ளி நின்றார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, பேச்சும் அப்படியே திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. ஷிப்டு முடிந்து வந்ததும் சீருடையைக் கழற்றி மாட்டிவிட்டு ஷூவை எடுப்பார்.

இவரோடு ஓடுவது பெரிய பாடு. யாரையாவது தாண்டுவதற்கு முன்னால் தோளுக்கு மேல் திரும்பிப் பின்னால் பார்ப்பார். திரும்பும்போது கையை நீட்டுவார். பஸ் நிறுத்தம் எதைக் கண்டாலும் இவர் கால் தன்னால் மெதுவாகிவிடும். "இங்க யாரு ஏறணும்?" என்று நான் கத்துவேன். இருபது கிலோமீட்டர் பழகப் போன முதல் நாள் நான் நல்ல வேகத்தில் இருந்தேன். பத்தாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஒரு நிழற்குடையில் நின்று கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னாச்சு, முழங்காலா?"

"இல்ல. ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்துட்டோம்."

"அதுக்கு?"

"நேரம் ஆகட்டும், போலாம்."

நடுத்தெருவில் தலையில் அடித்துக்கொண்டேன். என்ன கத்தியும் பலனில்லை, ஒற்றைக் காலில் நின்றார். ரெண்டு நிமிஷம் நிழற்குடையில் நின்றுவிட்டுத்தான் கிளம்பினோம். ஆனால் அன்றைக்கு இருபதாவது கிலோமீட்டரில் எனக்கு மூச்சு வாங்கவில்லை. அதற்கு முன்னால் தனியாக ஓடிய நாட்களிலெல்லாம் பதினைந்திலேயே கால் கெஞ்ச ஆரம்பித்துவிடும். இதை நான் அவரிடம் ஒத்துக்கொள்ள மூன்று வாரம் ஆயிற்று.

ஓட்ட நாள் வந்தது. பிளாஸ்டிக் உறை போட்ட தாளைச் சட்டைப் பையில் வைத்து ஊக்கு குத்தியிருந்தார். துவக்கத்தில் எல்லோரும் சிட்டாகப் பறந்தார்கள். எனக்கும் கால் துறுதுறுத்தது. "அவங்க போகட்டும்," என்றார், அவ்வளவுதான். பத்தாவது கிலோமீட்டர் ஏழு முப்பத்தொன்று, தாளில் இருந்ததும் அதுதான். பாதி தூரம் ஒன்பது பன்னிரண்டு, தாளிலும் அப்படியே. முப்பதைத் தாண்டியதும் முதலில் பறந்தவர்கள் ஒவ்வொருத்தராக ஓரம் கட்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் நிமிஷம் பிசகாமல் அவர்களைத் தாண்டினோம். தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் தாண்டினோம், அதை இவர் விடவில்லை.

முப்பத்தைந்து வந்தபோது போன வருஷம் ஏறிய இடத்தை நான் பார்க்கவில்லை. இவரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கெண்டைக்கால் இறுக ஆரம்பித்தது. பேச முடியவில்லை. இவருக்கும் முழங்கால் வலிதான், முகத்தில் தெரிந்தது. ஆனால் அரை கிலோமீட்டருக்கு ஒரு தரம், "சரியாத்தான் போறோம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே வந்தார்.

முப்பத்தெட்டாவது கிலோமீட்டர் பலகையைத் தொட்டபோது பின்னால் இன்ஜின் சத்தம் கேட்டது. இவர் முகம் மாறியது. "நம்ம டிப்போ வண்டி," என்றார். அடுத்த நொடி பஸ் எங்களை ஒட்டி வந்து நின்று, கதவு திறந்தது.

படியில் நின்ற ஒரு பெண், ஓட்டத்தை நடத்துகிறவர்களின் ஆள், தன்மையாகத்தான் சொன்னாள். "அக்கா, ஏறிக்குங்க. நேரம் முடிஞ்சிருச்சு."

எனக்கு உலகமே கவிழ்ந்துவிட்டது. திரும்பவும் அதே பஸ், அதே கதவு. ஒரு வருஷ ஓட்டம் இதற்குத்தானா? உடம்பு வேறு போதும் போதும் என்றிருந்தது. என்னை அறியாமல் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன்.

"ஏறாதே," என்றார் இவர்.

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு முன்னால் போய் நட்ட நடுவில் நின்றார். டிரைவர் புதுசு, வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. தலையை வெளியே நீட்டினான்.

"அண்ணே, நீங்களா? என்னண்ணே இது, வழிய விடுங்க."

"தம்பி, இப்ப மணி என்ன?"

"பதினொண்ணு நாப்பத்தாறு."

"முப்பத்தெட்டுக்கு உனக்கு எத்தனை?"

அவன் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தான். "அம்பத்தொண்ணு."

"அப்ப இங்க என்ன பண்றே?"

"பின்னாடி போலீஸ்காரங்க சீக்கிரம் எடு, சீக்கிரம் எடுன்னு விரட்டுறாங்கண்ணே. ரோட்டைத் திறக்கணுமாம்."

"அவங்களுக்கு அவசரம் இருக்கும். உனக்குத் தாள் இருக்கு." பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ ஏன் நிக்கிறே? ஓடு."

"நீங்க?"

"எனக்கு இங்க வேலை இருக்கு. ஓடு!"

கல்யாணமாகி இருபது வருஷத்தில் இவர் என்னைச் சத்தம் போட்டு விரட்டியது அன்றைக்குத்தான். ஓடினேன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது எனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். இவர் படியேறிப் போய், உள்ளே இருந்த மூன்று பேரையும் எங்கே ஏறினீர்கள், எத்தனை மணிக்கு என்று விசாரித்திருக்கிறார். ஒருத்தர் அட்டவணைப்படி பார்த்தாலும் தாமதம்தான், அவரே ஒப்புக்கொண்டார். ஒரு அம்மா ரெண்டு கிலோமீட்டர் பின்னால் ஏறியவர். அவரையும் பஸ் முன்னதாகத்தான் பிடித்திருக்கிறது. "உங்களுக்கு அநியாயம் நடந்துருச்சும்மா. இங்க இறக்கி விட்டா ஓடாத தூரம் உங்க கணக்குல சேர்ந்துடும், திரும்பிப் போய் வரவும் நேரம் இல்ல. நான் எழுதிக் குடுக்கிறேன்," என்று கை கூப்பியிருக்கிறார். அந்த அம்மா அழுதுவிட்டார்கள். இவர் சொன்னபடியே ஓட்டத்தை நடத்தியவர்களுக்கு எழுதினார், மூன்று பக்கம். அந்த அம்மாவின் முகம் இன்றுவரை இவருக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது ஆள் சிவப்பு பனியன் போட்ட ஒரு வாட்டசாட்டமான மனிதர்.

"நீங்க எங்க ஏறுனீங்க?"

"இதோ, பின்னால அந்தப் பெட்ரோல் பங்க் வாசல்ல."

"இறங்குங்க. அந்த வாசலுக்குத் திரும்பிப் போய், அங்கேர்ந்து ஓடி வாங்க. நேரம் இருக்கு."

"திரும்பிப் போகணுமா?"

"பின்னே? நூத்தம்பது அடி பஸ்ல வந்திருக்கீங்களே."

அந்த மனிதர் பின்னால் ஓடி, பெட்ரோல் பங்க் வாசல் கம்பத்தை ஒரு தட்டு தட்டிவிட்டு, திரும்ப ஓடி வந்து பஸ்ஸைத் தாண்டிப் போனார். பதினொன்று ஐம்பத்தொன்று ஆகும்வரை இவர் பஸ்ஸுக்கு முன்னால் நின்றார். நேரம் ஆனதும் விலகி, "இப்ப எடு" என்றார்.

பிறகு இவரும் ஓடப் பார்த்திருக்கிறார். ஐந்து நிமிஷம் அசையாமல் நின்ற முழங்கால் மடங்கவில்லை. நூறு அடி நொண்டினார். பின்னால் பஸ் நெருங்கியதும் ஓரமாக ஒதுங்கி, நிறுத்தத்தில் நிற்கிற பயணி மாதிரி கையைக் காட்டி ஏறிக்கொண்டார். "வேணாம்ணே, நான் பாக்கலன்னு இருந்துக்கிறேன், நீங்க மெதுவா வாங்க" என்று டிரைவர் சொன்னானாம். இவர் முறைத்த முறைப்பில் கதவைச் சாத்திவிட்டான்.

இது ஒன்றும் அப்போது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நேரம் சொல்ல ஆளில்லை. தாள் அவர் சட்டைப் பையில். முதல் ஐந்து நிமிஷம் கை ஒடிந்த மாதிரி இருந்தது. அப்புறம் விரிப்பு மடிக்கிற கணக்கை எடுத்துக்கொண்டேன். ஒரு கட்டு மடிக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பது தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். ஒரு கட்டு, ரெண்டு கட்டு என்று மனசுக்குள் மடித்துக்கொண்டே ஓடினேன். கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. ரெண்டு இடத்தில் நடந்தேன். பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கிறதா என்று காது அங்கேயே இருந்தது. கேட்கவில்லை. கடைசித் திருப்பத்தில் எல்லைக்கோட்டின் மேலே பெரிய கடிகாரம் தெரிந்தது. பன்னிரண்டு இருபத்தேழு. அதற்கப்புறம் எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. பன்னிரண்டு இருபத்தெட்டுக்குக் கோட்டைத் தாண்டினேன்.

முடித்தேன். நாற்பத்திரண்டும் முடித்தேன். யாரோ ஒரு பெண் கழுத்தில் பதக்கத்தைப் போட்டபோது அவளையே கட்டிக்கொண்டு அழுதேன். ஒரு நிமிஷம் கழித்து சிவப்பு பனியன்காரர் வந்து சேர்ந்து தரையில் மல்லாந்து படுத்தார். படுத்தபடியே, "அந்த பஸ்காரர் யாருங்க, தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரர்," என்றேன். அந்த வார்த்தையை இத்தனை வருஷத்தில் அவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை.

சரியாகப் பன்னிரண்டரைக்குத் துடைப்பம் வந்து நின்றது. முன் இருக்கையிலிருந்து இவர் நொண்டிக்கொண்டே இறங்கினார். பதக்கம் வைத்திருந்த பெண் இவர் நெஞ்சில் இருந்த எண்ணைப் பார்த்துவிட்டு ஒன்றை நீட்டினாள். "நான் முடிக்கலம்மா," என்று தள்ளிவிட்டார். என் கழுத்தில் இருந்ததைக் கையில் தூக்கிப் பார்த்தார், பின்பக்கம் திருப்பியும் பார்த்தார். "எத்தனைக்கு?" என்றார்.

"இருபத்தெட்டு."

"தாள்ல போட்டதுக்கு நாலு நிமிஷம் லேட்டு," என்றார். கண் கலங்கியிருந்தது.

இவர் தண்ணீர் குடிக்கப் போன சமயம் புது டிரைவர் என்னிடம் வந்தான்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாப்பத்தொண்ணு தாண்டினதும் தூரத்துல உங்களைப் பாத்தேன், நடந்துட்டிருந்தீங்க. எனக்கே பயமாயிருச்சு. அண்ணே, ரெண்டு நிமிஷம் மெதுவா உருட்டவா, அக்கா போய்ச் சேர்ந்துடட்டும்னு கேட்டேன். யாருக்கும் தெரியவா போகுது?"

"என்ன சொன்னாரு?"

"என் மேல எரிஞ்சு விழுந்தாருக்கா. 'அவ போயிடுவா. நீ உன் நேரத்துக்குப் போ'ன்னாரு. அப்புறம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. கடைசி வரைக்கும் திறக்கவே இல்ல."

எனக்குச் சுருக்கென்றது. எனக்காகக் கூடவா ரெண்டு நிமிஷம் இல்லை? தண்ணீர் பாட்டிலோடு திரும்பி வந்தவரிடம் நேராகக் கேட்டுவிட்டேன்.

"ஏங்க, நான் மட்டும் வந்து சேராம இருந்திருந்தா?"

"கதவைத் திறக்கச் சொல்லியிருப்பேன்."

"மறுபடியும் ஏறச் சொல்லியிருப்பீங்க?"

"ஆமா."

ஒரு வருஷம் முன்னால் இதைச் சொல்லியிருந்தால் இன்னொரு பத்தொன்பது நாள் பேசியிருக்க மாட்டேன். இப்போது பதக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த மனிதர் எனக்கு ஒரு நொடிகூட ஓசியில் தரவில்லை. அதனால் இந்த நாற்பத்திரண்டும் ஒரு அடி விடாமல் என்னுடையது. யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. எனக்கு இவரை நினைத்துப் பெருமை தாங்கவில்லை, என்னை நினைத்தும்தான்.

"என் தோளைப் பிடிச்சுக்கிட்டு வாங்க," என்றேன். பிடித்துக்கொண்டார். மெதுவாகத்தான் நடந்தோம். அதற்கப்புறம் அன்று அவர் ஒரு தடவைகூட மணி பார்க்கவில்லை.